பினாங்குக்குப் போன மார்கழி

எங்கள் ஊரில் கேமராவைப் பார்த்தால் முதலில் அழுகைதான் வரும். அறுபதுகளின் கடைசி அது. உயிரோடு இருக்கிறவர்களைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று திருச்சுழியில் பலரும் நம்பினார்கள். அதனால் ஆள் போன பிறகுதான் அருப்புக்கோட்டை ஸ்டுடியோவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஸ்டுடியோக்காரர் கேமராவும் முக்காலியுமாகப் பஸ்ஸில் வந்து இறங்கி, போனவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார். பிறகு மூடிய கண்களைத் திறந்திருப்பதுபோல் மையால் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார். எங்கள் தாத்தாவின் படமும் அப்படி வந்ததுதான். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த காலத்தில் தாத்தா எதற்கும் அவ்வளவு ஆச்சரியப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் படம் எங்கள் பலசரக்குக் கடையில், கல்லாவுக்கு மேலே மாலையோடு தொங்கியது. கல்லா என்றால் பணப்பெட்டியும் அதற்குப் பின்னால் போட்ட மெத்தையும்தான். தாத்தா இருந்தவரை அந்த மெத்தையில் அப்பா ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் தராசுப் பக்கம் நின்றுகொண்டேதான் வியாபாரம் பார்த்தார். தாத்தா சாப்பிடப் போயிருந்தாலும் மெத்தை காலியாகத்தான் கிடக்கும். அப்பா நின்றபடியே எட்டிச் சில்லறை கொடுப்பார். தகப்பன் இருக்கையில் மகன் கல்லாவில் உட்காரமாட்டான். எங்கள் கடைத்தெருவில் அது மாறாத வழக்கம். தாத்தாவின் காரியம் முடிந்த பிறகு பெரியவர்கள் சிலர் வந்து அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் முள்ளின் மேல் இருப்பதுபோல் இருந்தார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது, எங்களுக்கும் பழகிவிட்டது.

ஆனால் தாத்தா போனது என் அத்தைக்குத் தெரியாது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாயில்லாப் பிள்ளை. தாத்தாதான் தலைபின்னி விடுவதுமுதல் எல்லாம் செய்து வளர்த்தார். அத்தை என்னை வளர்த்தாள். அம்மாவுக்குக் கடைச் சரக்கைப் புடைத்துச் சலிக்கவே பொழுது சரியாக இருந்ததால் நான் அத்தை இடுப்பிலேயே ஊரெல்லாம் சுற்றினேன். பினாங்கில் கடை வைத்திருந்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கப்பலேறிப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன பழைய தாவணியைப் போர்த்திக்கொள்ளாமல் எனக்கு வெகுநாள் தூக்கம் வரவில்லை. அவ்வளவு ஏக்கம் ஒரு குழந்தைக்கு இருக்கும் என்று பெரியவர்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை.

தாத்தா போனபோது அத்தை பிள்ளைத்தாச்சி. "வயித்துப் பிள்ளைக்காரிகிட்டச் சொல்லவேணாம், பிள்ளை பிறக்கட்டும்" என்றார்கள். பிள்ளை பிறந்தது. "பச்சை உடம்பு, இப்பப் போயி எப்படிச் சொல்ல?" என்றார்கள். நல்ல சேதி சொல்ல நாள் பார்ப்பார்கள். இந்தக் கெட்ட சேதிக்கோ எந்த நாளும் தோதுப்படவில்லை. அத்தை வீட்டு மாமாவுக்கு மட்டும் சொல்லி, அவரையும் வாயைக் கட்டிக்கொள்ளச் செய்துவிட்டார்கள். என்னிடமும் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த மார்கழியில் பினாங்கிலிருந்து ஓர் அண்ணாச்சி ஊருக்கு வந்தார். அத்தை கொடுத்துவிட்டது என்று பிஸ்கட் டின் ஒன்றும் தைலக் குப்பி ஒன்றும் கடைக்குக் கொண்டுவந்தார். யார் வந்தாலும் அது வரும். தைலம் தாத்தாவின் முழங்காலுக்கு. "அய்யாவுக்குக் கால்வலி எப்படியிருக்குன்னு தங்கச்சி ஆயிரந்தடவை கேட்டுச்சு" என்றவர், மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அம்மா குப்பியை வாங்கி முந்தானையில் பொத்திக்கொண்டு, "வலிதான் இருக்கு, மத்தபடி நல்லாருக்காகன்னு சொல்லிருங்கண்ணே" என்றாள். எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிற பதில் அது. அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"தங்கச்சி இன்னொண்ணும் கேட்டுச்சு" என்றார் பிறகு. "நம்ம ஊரைப் படம் பிடிச்சுக் கொண்டாங்கண்ணேன்னுச்சு. அங்க வருசம் பூரா புழுக்கமும் மழையுந்தான். பனின்னா என்னன்னே மறந்துரும்போல இருக்கு, மார்கழியிலயே எடுக்கச் சொல்லுங்கன்னுச்சு. ஆளுக வேணாமாம். ஊரு மட்டும் போதுமாம்."

"ஆளுக வேணாமா? நாங்க என்ன பேயா பிசாசா?" என்று அப்பா கோபித்துக்கொண்டார். ஆனால் அன்று ராத்திரி அம்மாவிடம், "நல்லவேளை, எல்லாரும் சேந்து நிக்கிற மாதிரிக் கேட்டிருந்தா அய்யாவுக்கு எங்க போறது?" என்று சொன்னதை நான் தாவணிக்குள்ளிருந்து கேட்டேன். எனக்கு நல்லவேளையாகத் தெரியவில்லை. ஆளுக வேண்டாம் என்றால் நானுமா வேண்டாம்?

மதுரையில் வேலை பார்த்த என் தாய்மாமாவுக்கு ஆள் போயிற்று. மாமா யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவோடும் அதற்கான முக்காலியோடும் வந்து இறங்கினார். கேமரா பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று முதல்நாள் சாயங்காலமே எங்களுக்குப் புரியவைத்தார். படம் எடுத்தது மட்டும்தான் இல்லை.

மறுநாள் விடியலில், மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, முக்காலியைத் தோளில் சாய்த்துத் தெருவில் இறங்கினார். பனி கால் முட்டுவரை கிடந்தது. கோயில் குழாயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து முக்காலியைப் பார்த்தாள். மாவுக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு, கூந்தலை அவிழ்த்துக்கொண்டு, "ஏ ஆத்தா, யாரு போயிட்டாக?" என்று ஓலமிட்டபடி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். அவள் குரலைக் கேட்டு இன்னும் நான்கு வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "யாரும் போகல மதினி. என் தம்பி ஊரைப் படம் எடுக்க வந்திருக்கான்."

பெரியம்மாவுக்கு அழுகையைச் சட்டென்று நிறுத்த முடியவில்லை. விசும்பிக்கொண்டே, "ஊரையா? அய்யய்யோ, ஊருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

பினாங்குக்குப் போகிற படம் என்று தெரிந்ததும் கதை மாறிவிட்டது. பெரியம்மா தன் வீட்டுச் சுவரில் தட்டியிருந்த வறட்டியையெல்லாம் உரித்து எடுத்துவிட்டாள். "அதைத்தானே பினாங்குல பாக்கணும்னாக, திரும்ப அப்புங்க" என்று மாமா கெஞ்சினார். "கப்பல்ல போற படத்துல வறட்டியா? நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பாக?" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். டீக்கடைக்காரர் பெஞ்சைக் கழுவிவிட்டு, பாய்லரை மறைத்துக்கொண்டு தானே முன்னால் நின்றார். அன்றாடம் இருப்பதை அன்றாடம் இருப்பதுபோல எடுக்க மாமா பட்ட பாடு கொஞ்சமல்ல.

கோபுரம் பனிக்குள் பாதிதான் தெரிந்தது. வெயில் வந்தால்தான் படம் விழும் என்று மாமாவும், பனிதானே கேட்டாள் என்று நானும் சண்டை போட்டுக்கொண்டோம். குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடம் நிறைத்ததை, முகம் தெரியாமல் தூரத்திலிருந்து எடுத்தார். ஊருக்கு வெளியே கரிசலில் கொத்தமல்லி பூத்துக் கிடந்ததை எடுத்தார். அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றதை எடுக்கக் குறிபார்த்து முடிப்பதற்குள் அது நரிக்குடிக்குப் போய்விட்டது. மல்லி வாசனை படத்தில் வருமா என்று கேட்டேன். "வராது" என்றார் மாமா. கேமரா விஷயத்தில் அவர் அளக்காமல் உண்மையைச் சொன்ன ஒரே இடம் அதுதான்.

ரோலில் இருந்தது பன்னிரண்டு படம். எங்கள் தெருவுக்கு ஒன்று என்று மாமா சொல்லியிருந்தார். ஆளாக நிற்கக்கூடாது, சரி. அன்று அம்மாவைக் கெஞ்சி வாசல் கோலத்தை நான் போட்டேன். புள்ளியைச் சுற்றி வளைந்துபோகிற சிக்குக் கோலம். என் கையைத் தன் கைக்குள் வைத்து அத்தை பழக்கியது. மேற்கு மூலையில் வெளியே திரும்ப வேண்டிய சுழி ஒன்று எனக்கு எப்போதும் உள்ளே திரும்பிவிடும். அவள் எவ்வளவோ குட்டிப் பார்த்தும் அது திருந்தவில்லை. அன்றும் திருந்தவில்லை. சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி நடுவில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமா எடுத்தார். கேமரா சொடுக்கியபோது நானே கப்பலேறிவிட்டதுபோல் இருந்தது.

கடைசிப் படம் கடைக்கு. பெரியவர்கள் முன்னேற்பாட்டோடு இருந்தார்கள். அம்மா தாத்தாவின் படத்தைக் கழற்றிச் சேலையில் சுற்றி உள்ளே வைத்தாள். ஆணி மொட்டையாகத் தெரிகிறதே என்று மாமா அதில் ஒரு காலண்டரை மாட்டினார். காய்ந்த மாலையிலிருந்து உதிர்ந்த சருகைக்கூட அப்பா குனிந்து பொறுக்கினார். எல்லோரும் தள்ளி நின்று பார்த்து, எதுவும் தெரியவில்லை என்று திருப்திப்பட்டார்கள். மாமா குனிந்து குறிபார்த்தார்.

"நில்லு மாப்ளே" என்றார் அப்பா. "கல்லா வெறுமனே கிடக்க எடுக்கிறியே, கடை விளங்குமா?"

"ஆளுக வேணாம்னாகளே மச்சான்."

"மத்த இடத்துல வேணாம். கல்லா காலியாயிருக்கப் படம் எடுத்துச் சீமைக்கு அனுப்பினா, கடையை மூடிட்டாகன்னு பினாங்கு பூரா பேச்சாகிரும். யாவாரம் பண்றவன் செய்யிற காரியமா இது?"

மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அம்மாவுக்கும் பட்டது. ஆயுசு குறைந்தாலும் யாவாரம் குறையக்கூடாது என்று அப்பா சட்டையை மாற்றி, நெற்றி நிறைய விபூதி பூசி, மெத்தையில் ஏறி உட்கார்ந்து, பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டார். தலைக்கு மேலே காலண்டர். மாமா சொடுக்கினார்.

அருப்புக்கோட்டையில் கழுவி வந்ததில் கோபுரத்துக்கு உச்சி இல்லை. பஸ் இருக்க வேண்டிய இடத்தில் புழுதி இருந்தது. ஆனால் கோலமும் கடையும் கண்ணாடிபோல விழுந்திருந்தன. பொங்கல் கழிந்து புறப்பட்ட அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டோம். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மார்கழிக்கு முன்னாலேயே வேறொரு அண்ணாச்சி வந்தார். படங்களைக் கண்ணாடிக்குள் வைத்துச் சுவரில் மாட்டியிருக்கிறாளாம் அத்தை. மல்லிக்காட்டுப் படத்தை மோந்து பார்த்தாளாம். எனக்கென்று தனியாகச் சேதி இருந்தது.

"கோலம் போட்டது யாருன்னு தெரியுமாம். மேக்கு மூலைச் சுழியை இன்னும் உள்ளதான் திருப்புறாளா, நேர்ல வந்தேன்னா கையை ஒடிச்சிருவேன்னு சொல்லச் சொல்லிச்சு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தில் கோலம் உள்ளங்கை அளவுகூட இருக்காது. அதில் அந்தச் சுழி ஓர் எறும்பு அளவு. அதைக் கண்டுபிடித்துவிட்டாளே! என் அத்தையின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

நான் வந்தபோது அம்மா தன் வழக்கமான பதிலோடு இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி காப்பி குடித்தார். பினாங்கு மழையைப் பற்றிச் சொன்னார். அத்தையின் பிள்ளை நடக்கிறது என்றார். அய்யாவுக்குக் கால்வலி எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. அவர் போன பிறகு அப்பா அத்தை கொடுத்துவிட்ட பெட்டியைப் பிரித்தார். பிஸ்கட் டின் இருந்தது. எனக்கு ரிப்பன் இருந்தது. வைக்கோலைக் கையால் அளைந்து அளைந்து தேடினார். தைலக் குப்பி இல்லை. அடியில், வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு பொட்டலம் இருந்தது. அவிழ்த்தார். சாம்பிராணிக் கட்டிகள்.

மெத்தையில் மகன் உட்கார்ந்திருந்தால் தகப்பன் இல்லை என்று பொருள். கடைத்தெருவில் பிறந்த பெண்ணுக்கு அதை யாரும் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆணியை மறைத்தார்கள், சருகைப் பொறுக்கினார்கள், கல்லாவை மறந்துவிட்டார்கள். ஆளுக வேண்டாம் என்று அவள் கேட்டதுகூட, வரிசையில் ஒருவர் இல்லாததைப் பார்த்துவிடுவோமோ என்ற பயத்தினால்தானோ என்று இப்போது தோன்றுகிறது. எங்களிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் மறைத்ததைத் தானும் மறைத்துக்கொண்டு, புகை போட மட்டும் அனுப்பியிருந்தாள்.

இதெல்லாம் இப்போது. அன்று நான், "சாம்பிராணி நம்ம கடையிலயே மூட்டையாக் கெடக்கே, அத எதுக்கு அத்தை பினாங்குலருந்து அனுப்புறா?" என்று கேட்டேன். அப்பா தணலில் ஒரு கட்டியைப் போட்டுத் தாத்தாவின் படத்துக்கு முன்னால் வைத்தார். அன்று முழுவதும் அவர் கல்லாவில் உட்காரவில்லை. தராசுப் பக்கம் நின்றபடியே எட்டிச் சில்லறை கொடுத்தார்.

"தாத்தாவுக்குத் தைலம் எங்கம்மா?"

"மறந்துட்டா போல, தாயி" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் சுழியை மறக்காதவள் தாத்தாவின் முழங்காலை எப்படி மறந்தாள் என்று எனக்கு அத்தை மேல் ஒரே கோபம். தாத்தா இங்கே செத்துப்போனது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பினாங்கில் அவர் கால்வலி ஒன்றைத் தவிர நல்லபடியாகத்தான் இருந்தார்; நாங்கள்தானே அப்படிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தத் தாத்தாவும் போய்விட்டார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.