வில்லோ ஓடையில் சிப்பாய்கள் நின்ற இடம்

ஐவா ப்ராண்ட்வோல்டை ஓரிடத்தில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. சர்ச்சில் பாதிரியார் பேசும்போது அவள் கால் பெஞ்சுக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே அவள் தன் தட்டைக் கழுவப் போய்விடுவாள். மான்டானாவின் தென்கிழக்கு மூலையில், வில்லோ ஓடைப் பக்கத்துச் சரளைச் சாலைகளைச் சீவிச் சமன்செய்யும் கிரேடர் வண்டியை ஓட்டுவது அவள் வேலை. நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கலாம் என்பதற்காகவே அந்த வேலையில் சேர்ந்தாள் என்று அவள் கணவன் மெர்ல் சொல்வான்.

அந்தச் சாலையிலிருந்து பார்த்தால் குன்றின்மேல் ஒரு நினைவுக்கல் தெரியும். நூறு வருஷத்துக்கு முன்னால் விடியற்காலையில் செயென் என்ற பூர்வகுடி மக்களின் முகாமைத் தாக்க வந்த குதிரைப்படைப் பிரிவொன்று, இந்த இடத்துக்கு அருகே, வரிசை கலையாமல் நின்று கடைசி ஆள் வரை மடிந்தது என்று அதில் வெட்டியிருந்தார்கள். ஊரில் எல்லோரும் அதைப் படித்துத்தான் வளர்ந்தார்கள். ஐவாவுக்கு மட்டும் அந்த 'அருகே' என்ற சொல் செருப்புக்குள் விழுந்த சரளைக்கல் மாதிரி உறுத்தும். அவள் அண்ணன் டெல்மர் வியட்நாமில் இறந்தபோது வீட்டுக்கு வந்த ராணுவ அதிகாரியும் அதையேதான் சொன்னார். ஓர் ஆற்றுக்கு அருகே. எந்தக் கரை, மேடா பள்ளமா, நின்றிருந்தானா படுத்திருந்தானா? அம்மா கேட்கக் கேட்க அவர் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஒரு கோடையில் புல் தீப்பிடித்து ஓடைப் பள்ளத்தாக்கு முழுக்கக் கருகியது. மண் வெளியே தெரிந்ததும் பல்கலைக்கழகத்திலிருந்து தொல்லியல் ஆய்வாளர் ஃபென்விக் ஆட்களோடு வந்து இறங்கினார். உதவிக்கு உள்ளூர்க்காரர்கள் வேண்டும் என்று அவர் கேட்டதும் முதலில் போய் நின்றவள் ஐவா.

வேலை எளிதுதான், ஆனால் பொறுமை வேண்டும். மெட்டல் டிடெக்டரை இடமும் வலமும் வீசிக்கொண்டு எல்லோரும் ஒரே வரிசையில் மெல்ல நடக்க வேண்டும். சத்தம் கேட்ட இடத்தில் சின்னக் கொடியைக் குத்திவிட்டுத் தாண்டிப் போக வேண்டும். தோண்டுவது பின்னால் வருபவர்களின் பாடு. ஐவா வரிசையை விட்டுவிட்டு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தாள்.

"ஐவா, இது ஓட்டப் பந்தயம் இல்லம்மா," என்று ஃபென்விக் கத்துவார். "வரிசைக்கு வா!"

அவளுக்குப் பக்கத்து வரிசையில் நடந்தவள் ஜோசி ஸ்டாண்டிங் ஹெரன். செயென் மக்களுக்கென ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலத்தில், பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவள், ஐவாவின் வயதுதான். முதல் நாளே ஐவா கேட்டாள்:

"உனக்கும் இதுல ஆர்வமா?"

"ஆர்வமெல்லாம் இல்ல. என் ஆளுங்க எலும்பு கிடைச்சா யாராச்சும் டப்பாவுல போட்டுத் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுல்ல? அதுக்குக் காவல் வந்திருக்கேன். நீ எதுக்கு இப்படிப் பறக்குற, ரோட்டுக்காரம்மா? அவங்க செத்து நூறு வருஷமாச்சு, எழுந்து ஓடிடவா போறாங்க?"

இரண்டாவது வாரம், குன்றின் வடக்குச் சரிவில், ஐவாவின் டிடெக்டர் விடாமல் கத்தியது. தோண்டத் தோண்டப் பழைய பித்தளைத் தோட்டாக் கூடுகள் வந்தன. பழைய ராணுவத் துப்பாக்கிக்கானவை. சம இடைவெளி விட்டு, நூல் பிடித்தது போல ஒரே கோட்டில். கல்லில் வெட்டியிருந்த அதே வரிசை!

"கழுவிப் பாக்குற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது," என்றார் ஃபென்விக்.

ஐவாவால் அது முடியவில்லை. அன்று மாலையே ஊர்ப் பத்திரிகைக்காரனைக் கூட்டிவந்து சரிவில் நிறுத்தி, இங்கே ஒருவன், அங்கே ஒருவன் என்று கையை நீட்டிக் காட்டினாள். படத்தோடு செய்தி வந்தது. சிப்பாய்கள் நின்ற இடம் இம்மி பிசகாமல் தெரிந்துவிட்டது என்று.

அந்தப் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு வந்த ஜோசி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குண்டெல்லாம் எங்க?"

"என்ன குண்டு?"

"இத்தனை பேரு இங்க நின்னு சுட்டிருக்காங்க. எங்க ஆளுங்க கீழ ஓடையில இருந்தாங்க. சுட்ட ஈயம் அந்தக் கரையில பதிஞ்சிருக்கணும்ல? நாம அங்கதான் நாலு நாளா நடந்தோம். ஒண்ணாச்சும் ஆம்புட்டுச்சா?"

ஐவா அந்த நாலு நாளையும் எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை.

கழுவியதும் விஷயம் வெளிச்சமானது. கூடுகளின் வாய் நசுக்கி மூடப்பட்டு வெடித்திருந்தது. குண்டு வைக்காத, சத்தம் மட்டும் போடும் வேட்டுகள். சண்டையின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் ஊர்க்காரர்கள் நீலச்சட்டை மாட்டிக்கொண்டு நடத்திய கூத்தில் சுட்டவை.

மெர்ல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அட, அதுல கேப்டன் வேஷம் கட்டுனதே எங்க தாத்தாதான்! நீ எங்க தாத்தாவைக் கண்டுபிடிச்சிருக்க, ஐவா!"

கடையில், சர்ச்சில், பெட்ரோல் பங்க்கில், பார்த்தவர்களெல்லாம் அவளுக்கு சல்யூட் அடித்தார்கள். ஐவா களத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆத்திரத்தில் ஒரே சாலையைத் திரும்பத் திரும்பச் சீவி, சரளை போய் அடிமண் தெரியும்படி செய்துவிட்டாள். ஒரு மதியம் ஜோசி தன் பழைய பிக்கப் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி கிரேடரை மறித்தாள்.

"எறங்கு. ஃபென்விக் உன்னைக் கூப்பிடுறாரு."

"திட்டுறதுக்கா?"

"திட்டட்டுமே, காதுல ஓட்டையா விழுந்துடும்? நானும் ஒண்ணு சொல்லிட்டேன் அவர்கிட்ட. எங்க கொள்ளுத்தாத்தா சொன்னது வேற. சிப்பாய்ங்க மேட்டுல நிக்கவே இல்ல, ஓடை ரெண்டாவதா திரும்புற எடத்துல புதருக்குள்ள சிதறிக் கெடந்தாங்கன்னு சொல்லியிருக்காரு."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"யாரு கேட்டா?"

இரண்டாவது வளைவில் முன்பே தேடி ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. ஃபென்விக் விமானத்திலிருந்து எடுத்த பழைய படமொன்றை வண்டியின் முன்மூடிமேல் விரித்தார். ஓடை இடம் மாறியிருந்தது. பழைய வளைவு இப்போது மெர்லின் மாடுகள் மேயும் காய்ந்த பள்ளம். அங்கே நடந்தார்கள். இந்த முறை ஐவா வரிசையை விட்டு ஓடவில்லை. ஓடாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கரையில் முதல் ஈயக்குண்டு கிடைத்தது, தட்டையாக, காளான் தலை போல. பிறகு பல. எதிர்ச்சரிவில் சிப்பாய்களின் தோட்டாக் கூடுகள். வரிசையாக இல்லை. இங்கே ஒன்று, பாறைக்குப் பின்னால் மூன்று, அப்புறம் வெறும் மண். துப்பாக்கியின் ஊசி கூட்டின் அடியில் குத்தும் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஒரு துப்பாக்கியின் ஊசி நுனி உடைந்திருந்ததால் இரட்டைத் தடம் விட்டிருந்தது. அந்த ஒருவனின் கூடுகளை மட்டும் மஞ்சள் கொடியால் குறித்தார் ஃபென்விக்.

ஐவா மஞ்சள் கொடிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து இறங்கினாள். மேலே நின்று சுட்டிருக்கிறான். பிறகு ஓடியிருக்கிறான், நெடுந்தூரம் ஒன்றுமில்லை. பள்ளத்து விளிம்பில் மண்டிபோட்டுச் சுட்டிருக்கிறான். கடைசிக் கொடி, முட்புதர் ஒன்றின் வேரடியில். அங்கே சுடாத தோட்டா ஒன்றும் கிடந்தது, கை தவறி விழுந்ததுபோல. அவள் அந்த இடத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பள்ளத்தின் எதிர்ப்பக்கத்தில் ஜோசி ஒரு பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தாள். அங்கே வேறு ரகத் தோட்டாக் கூடுகள் குவியலாகக் கிடைத்திருந்தன. அவளுக்குப் பின்னால் பள்ளம் மேற்கே மலைக்குள் ஏறியது.

"இங்கருந்து பாத்தா எல்லாம் தெரியுது," என்று குரல் கொடுத்தாள். "பொம்பளைங்களும் கொழந்தைங்களும் பின்னால அந்த வழியாத்தான் ஏறிப் போயிருக்காங்க. அவங்க போய்ச் சேர்ற வரைக்கும் இவங்க இங்க படுத்திருந்தாங்க. அதனாலதான் நான் இருக்கேன்."

குன்றின்மேல் இருக்கும் கல்லைப் பள்ளத்துக்கு நகர்த்த ஊர்க் கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. வரிசையாக நின்று செத்தவர்களைத்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஐவா கூட்டத்தில் எழுந்து சண்டை போட்டாள், தோற்றாள், கதவை அறைந்துவிட்டு வந்தாள். தன் ஆட்கள் படுத்திருந்த பாறைக்கு நினைவுக்கல் எதுவும் வேண்டாம், ஆட்கள் வந்து மிதிக்காமல் இருந்தால் போதும் என்று ஜோசி சொல்லிவிட்டாள்.

வசந்தத்தில், தெற்கே வயோமிங்கில் இன்னொரு களத்துக்கு ஃபென்விக் கூப்பிட்டார். ஐவா விடுப்பு வாங்கி, டிடெக்டரை பிக்கப்பில் ஏற்றினாள்.

"திரும்பி எப்போ வருவே?" என்றான் மெர்ல்.

"தெரியல. ஃப்ரீசர்ல ஸ்டூ இருக்கு."

ஓட்டுநர் இருக்கையில் ஜோசி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் ஓட்டுவேன்," என்றாள் ஐவா.

"நீ ஓட்டுனா வழியில இருக்குற ரோட்டையெல்லாம் எறங்கி எறங்கிப் பாப்பே. அந்தப் பக்கம் ஏறு."

ஐவா ஏறினாள். வண்டி பண்ணை வாசலின் மாட்டுத்தடுப்பைத் தாண்டுவதற்குள் அவள் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.