ஜீப் பட்டை போட்ட சிவப்புக் கார்

கூத்தாநல்லூர் மீரா சாகிப் பினாங்கில் ஒரு வெள்ளைக்காரர் கராஜில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பந்தயக் கார்களுக்கு அடியில் படுத்தே மெக்கானிக் ஆனவர் என்பதால், மன்னார்குடித் தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் அவர் போட்ட பட்டறைக்கு டிராக்டர்களும் பம்புசெட்டுகளும் வந்தன. வருவதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

பந்தயக் கார் என்று சொல்லத்தக்கது அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான். பண்ணையார் தியாகராசனின் சிவப்பு நிற, இரண்டே சீட்டு உள்ள இங்கிலாந்துக் கார். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து அவருடைய நிலங்கள் மைத்துனர், சமையல்காரர், காலமாகிவிட்ட ஒரு சித்தப்பா ஆகியோர் பேரில் இருந்தன. கார் மட்டும் அவர் பேரிலேயே இருந்தது.

எழுபத்தொன்றில், சம்பா அறுவடை முடிந்த கையோடு அந்தக் கார் பட்டறைக்கு வந்தது.

"பின்னாடி உக்காந்துருச்சு பாய். என்னன்னு பாருங்க."

மீரா சாகிப் அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் பட்டைகள் விரிசல் விட்டிருந்தன. ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் கக்கியிருந்தன. அசல் சாமான் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். அதற்கு டெல்லியில் பர்மிட் வாங்குவதற்குள் கார் மண்ணோடு மண்ணாகிவிடும். பியட் பட்டை போடலாம், மெத்தென்று இருக்கும். அம்பாசிடர் பட்டை நடுத்தரம். ஜீப் பட்டை யானையையும் தாங்கும்.

"என்ன பாரம் ஏத்துவீங்க?"

"பாரமா? நான் ஒருத்தன்தான். மிஞ்சினா ஒரு கைப்பெட்டி."

சீட்டுக்குப் பின்னாலிருந்த விரிப்பைத் தூக்கினால் பதர் கிடந்தது. ஈரம் பட்ட மூலையில் நெல் முளைவிட்டிருந்தது. மீரா சாகிப் விரிப்பைப் பழையபடி இழுத்துவிட்டார். பியட்டை மட்டும் மனசுக்குள் தள்ளுபடி செய்தார்.

அம்பாசிடர் பட்டையே போதும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஊர் திரும்பிய பிறகு கைக்கு வந்த முதல் நல்ல கார் அது. இனி ஜென்மத்துக்கும் ஒடியக்கூடாது என்று ஜீப் பட்டையைப் போட்டு, அதற்குத் தோதாக வேன் ஷாக் அப்சார்பரையும் மாட்டிவிட்டார். இறக்கி நிறுத்தினால், குனிந்து தண்ணீர் குடிக்கும் மாடு மாதிரி கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

தியாகராசன் சுற்றிச் சுற்றி வந்தார். "என்ன பாய், இப்படி நிக்குது?"

"ஓட ஓடப் படிஞ்சிரும்ங்க" என்றார் மீரா சாகிப். படியாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த மாதம் பண்ணையில் கூலித் தகராறு. அறுத்தவர்கள் கூடுதல் கூலி நெல் கேட்டார்கள். பத்தாயம் காலி, அறுப்புக் கூலி கொடுக்கவே நெல் இல்லை என்றார் தியாகராசன். தாலுகா ஆபீஸில் தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். தாசில்தாரின் ஜீப்பை ரிப்பேர் பார்த்து ஒப்படைக்க வந்த மீரா சாகிப்பும் அங்கே நின்றிருந்தார்.

"விளைச்சலே இல்லைங்க. ஒரு மூட்டைகூடக் கிடையாது" என்றார் தியாகராசன்.

ஆட்கள் சார்பில் வந்திருந்த ஐயாவு எழுந்தார். தியாகராசனை 'ஆண்டே' என்பதை விட்டு 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்து அவருக்கு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"ஐயா காரு தெனம் காலையில வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போறப்ப மட்டமா போவுது. திரும்பி வர்றப்ப வாலைத் தூக்கிக்கிட்டு வருது. இப்ப வாசல்ல மட்டமா நிக்குதுங்க."

தாசில்தார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சிவப்புக் கார் வெகு அடக்கமாக நின்றது.

தியாகராசன் சிரித்தார். "புதுப் பட்டைங்க. ஓட ஓடப் படிஞ்சிரும்னு பாய்தான் சொன்னாரு. படிஞ்சிருச்சு. வேணும்னா கேளுங்க."

எல்லாரும் மீரா சாகிப்பைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வாடிக்கைக்காரரும் தப்புவார், தொழிலில் தம் பேரும் தப்பும்.

"நான் சொன்னது பொய்ங்க. அது ஜீப் பட்டை, படியாது. அந்தக் காருக்கு நான் அதைப் போட்டிருக்கவே கூடாது. வெறுங்காரா இருந்தா பின்பக்கம் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கும்."

"இப்ப ஏன் நிக்கல?" என்றார் தாசில்தார்.

"அதைத் திறந்து பாத்தாத்தான் தெரியும்ங்க."

திறந்தார்கள். சீட்டுக்குப் பின்னால், பட்டுப் போர்வைக்கு அடியில், இரண்டு மூட்டை நெல் இருந்தது. ஜில்லா எல்லை தாண்டி ஒரு மில்லுக்குத் தினமும் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது; அன்று போகிற வழியில் தாலுகா ஆபீஸில் நின்றிருந்தது. பத்தாயம் காலி என்ற பேச்சு அன்றோடு நின்றது. அந்த வாரமே கூலி அளக்கப்பட்டது, கூடுதலும் சேர்த்து.

பண்ணையார்கள் எவரும் பிறகு மீரா சாகிப் பட்டறைப் பக்கம் வரவில்லை. தியாகராசன் மட்டும் வந்தார். காரை மெட்ராஸ் பார்ட்டிக்கு விற்கப் போவதாகச் சொல்லி, "மரியாதையா நிக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றார். மீரா சாகிப் அம்பாசிடர் பட்டையை வாங்கி, அதன் அடுக்கிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றிவிட்டு மாட்டினார். ஷாக் அப்சார்பரையும் அதற்கு இணையாகப் பார்த்துப் போட்டார். கார் அளவோடு நின்றது. வாழ்நாளில் தாம் செய்ததிலேயே சரியான வேலை அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

ஓட்டிப் பார்க்க மனைவி ஷம்சாத்தை ஏற்றிக்கொண்டு கூத்தாநல்லூர் வரை போய் வந்தார். வழியெல்லாம் பள்ளம். கார் ஒவ்வொன்றிலும் இறங்கி, துள்ளாமல் ஏறியது. வீட்டு வாசலில் நிறுத்தி, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

ஷம்சாத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

"கால நீட்ட எடமே இல்லீங்களே. பஸ்ஸே தேவலாம்."