மதிய ஓட்டத்துக்கு வந்த விருந்தாளி

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் முதலாளி என்று யாரும் கிடையாது. ஒரு ஆப்தான் இருக்கிறது, அதனிடம் நின்று சண்டை போடக்கூட முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு மோட்டார் சைக்கிள் ஓட்டி அல்லாடும் உங்களுக்கெல்லாம் இது தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அடுத்த வாரம் எந்த ஏரியாவில் எந்த நேரம் ஓடுவது என்று புதன்கிழமை மதியம் ஆப்பில் பதிய வேண்டும். ஒரு நேரத்துக்கு இத்தனை பேர்தான். முந்தியவருக்கு இடம். எனக்கு மதியம் மட்டும்தான் சரிப்படும். வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் மாலை ஷிஃப்டுக்கு லோரி எடுப்பவர். அவர் கிளம்புவதற்குள் நான் சுங்கை வே வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாக வேண்டும்.

மடிப்பு கலையாத பை

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில்தான் தினேஷை முதலில் பார்த்தேன். தோளில் புது டெலிவரி பை, மடிப்புகூடக் கலையவில்லை. அவர் ஓட்டி வந்த மோட்டாரை விற்றால் எங்களில் நாலைந்து பேருக்கு வண்டி வாங்கலாம். எந்தக் கம்பெனி வேலை போய்விட்டதோ, பாவம் என்று நினைத்து, பார்சலை எப்படி அடுக்கினால் குழம்பு சாயாது என்று காட்டிக்கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, பக்கத்து டவரில் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேனேஜர் என்றார். பிறகு எதற்கு இந்த வெயில் என்று கேட்டேன்.

"சும்மா experience-க்குத்தான் அக்கா. ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து bore அடிக்குது லா."

இரண்டு லிஃப்ட்

ஒருநாள் அவருடைய டவருக்கே எங்கள் இருவருக்கும் ஆர்டர் விழுந்தது. எங்களுக்கு முன்வாசல் கிடையாது. பின்னால் குப்பை இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாமான் லிஃப்ட் உண்டு. அது வரும்போது வரும். தினேஷ் முன்வாசலுக்கே போய்ச் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தட்டினார். கதவு திறந்தது, பையோடு மேலே போய்விட்டார். நான் சாமான் லிஃப்டில் ஏறி இறங்கி வருவதற்குள் அவர் அடுத்த ஆர்டருக்கே கிளம்பிவிட்டார். எனக்கு நன்றாகவே எரிந்தது. அவரை மட்டும் எப்படி விட்டீர்கள் என்று செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவரு ஸ்டாஃப் லா. லஞ்ச் டைம்ல மட்டும்தான் ரைடர்."

மழை

மழை பிடித்தால் ஓட்டுபவர்கள் குறைந்துவிடுவார்கள். ஆர்டர் குறையாது. அப்படி ஒரு நாள், தினேஷ் கடைவாசல் வரை வந்து, எடுத்த ஆர்டரை ஆப்பில் வேண்டாமென்று தள்ளிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். போகும்போது எனக்குக் கையும் ஆட்டினார். அந்த ஆர்டர் சுற்றிச் சுற்றி என் தலையில் விழுந்தது. நாங்கள் அப்படித் தள்ளிக்கொண்டே இருந்தால் ஆப் பதிவில் எங்களைப் பின்வரிசைக்கு அனுப்பிவிடும், அடுத்த வாரம் நேரம் கிடைக்காது. அவருக்கு அந்தப் பயம் இல்லை. ஆறிப்போன இடியாப்பத்தோடு நனைந்துகொண்டு போய் நின்றேன். கதவைத் திறந்தவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்து ஆன்டி, ரிட்டயர்ட் டீச்சர். எனக்கு ஒரு துண்டை நீட்டிவிட்டுத்தான் பேசினார்.

"அந்தப் பெடியன் கடைவாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனதை நான் மேப்பில பாத்துக்கொண்டுதான் இருந்தனான், பிள்ளை."

புதன்கிழமை

அந்த வாரப் புதன்கிழமை ஆப்பில் பதிவு திறந்தபோது நான் லிஃப்ட் இல்லாத பிளாட்டில் படி ஏறிக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் சாப்பாடு. இறங்கி வந்து பார்த்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் மதியம் முழுக்க நிரம்பிவிட்டது. கிள்ளானில் இரவு மட்டும் மிச்சம். அன்று டீக்கடையில் தினேஷே சொன்னார், மீட்டிங்கில் உட்கார்ந்தபடி மேசைக்கடியில் ஐந்து நாள் மதியத்தையும் பிடித்துவிட்டாராம். அவர் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் வாயை அடக்க முடியவில்லை. உங்களுக்கு அது பொழுதுபோக்கு தம்பி, அந்த இடம் போனால் ஒரு வாரம் எனக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போய் எழுந்து போனார்.

மறுநாள் நான் மோட்டாரில் இருந்தபோது, தினேஷ் மனசு கேட்காமல் ஐந்து நாளையும் விட்டுக்கொடுத்திருக்கிறார். விட்ட இடம் எனக்கு வராது, பொதுவில்தான் விழும். கண் மூடித் திறப்பதற்குள் யார் யாரோ அள்ளிக்கொண்டார்கள். சிக்னலில் நின்றபோது போன் வந்தது.

"அக்கா, உங்களுக்காகத்தான் விட்டேன், நீங்க எடுக்கலையா?"

அழைப்பு

நேரம் கிடைக்காத அந்த வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் கம்பெனியில் ஓவர்டைமுக்குப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது. புதன்கிழமை வந்ததும் வேறெந்த வேலையும் தொடாமல் வீட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்று போனையே பார்த்திருந்து மதியத்தைப் பிடித்தேன். பிடித்த கையோடு தினேஷிடமிருந்து போன். ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். எங்கள் கஷ்டம் பற்றி ஆபீசில் பேசப்போகிறாராம், நானும் வந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எப்போது என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் லஞ்ச் டைம்ல வாங்க அக்கா, அப்பதான் எல்லாரும் free."

அனுபவம் தேடி வருகிறவர்கள் எங்களிடமிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும், மதியத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனால் போதும்.