கூடை கேட்காதீர்கள்: ஹாலிஎல மலையில் தர்ஷினியோடு ஒரு காலை

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலை மலையைச் சுற்றிப் பார்க்க ஆயிரத்து ஐநூறு ரூபாய் கட்டிப் பதிவு செய்திருக்கிறேன் என்று நான் சொன்னதும் அவருக்குச் சோறு புரையேறிவிட்டது.

"உம்மட வீட்டுக் கோடியில நிண்ட தேயிலையப் பாக்கக் காசு குடுத்தோ போறீர்?"

"ஆமாங்க. நீங்க வீட்ல இருந்து புள்ளயப் பாத்துக்கங்க" என்றேன். ஒரு தோழி அனுப்பிய படம்தான் காரணம். தொப்பி போட்ட ஒரு பெண் கையில் மூங்கில் தடியோடு தேயிலைக்கு நடுவே நிற்கிறாள். கீழே "எங்கள் மலையை எங்களோடு நடந்து பாருங்கள்" என்று எழுதியிருக்கிறது. மலை கம்பனியுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தோட்டத்துப் பிள்ளை கூச்சமில்லாமல் "எங்கள் மலை" என்று எழுதியிருந்தது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை இந்தத் தடவை வெள்ளிக்கிழமையில் வந்தது. கொழும்பில் நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலைக்கும் லீவு. கிளம்பிவிட்டேன்.

ரயிலில் போகத்தான் ஆசை, ஆனால் இடம் கிடைக்கவில்லை. புறக்கோட்டையிலிருந்து காலை ஆறு மணி பஸ், பதுளைக்கு 2,100 ரூபாய், எட்டு மணி நேரம். பெரகலையில் ஏற்றம் தொடங்கியதும் பக்கத்துச் சீட்டுப் பெண் வாந்தி எடுத்தாள்; மலைநாட்டுக்காரி என்ற மிதப்பில் இருந்த நானும் பண்டாரவளை தாண்டியதும் எடுத்தேன். பத்து வருடக் கொழும்பு வாழ்க்கை என் வயிற்றைக் கெடுத்துவிட்டிருக்கிறது. பதுளை நகரில் அறை 4,500 ரூபாய். போர்வை மெல்லியது, சுவெட்டர் கொண்டு போங்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹாலிஎலவுக்குப் பஸ், ஒன்பது கிலோமீற்றர். அங்கிருந்து ஊத்துமலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஆட்டோவில் இன்னும் ஆறு கிலோமீற்றர். ஆட்டோக்காரர் என்னை நம்பவே இல்லை.

"யார் வீட்டுக்குங்க போறீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்லை. மலையைச் சுற்றிப் பார்க்க."

"அங்க என்னங்க இருக்கு பாக்க? எல்ல டவுனுக்குப் போங்க, பாலம் இருக்கு, அருவி இருக்கு. இங்க நாங்கதான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். வண்டியைத் திருப்பும்போதும் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார்.

புறப்படும் இடம் பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அதன் முன்னால் படத்தில் பார்த்த பெண்ணே நின்றாள். பெயர் தர்ஷினி, வயது இருபத்தொன்று. உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துத் திரும்பியவள். கூடவே தினேஷ்; ஹோட்டல் குசினியில் மூன்று வருடம் வெங்காயம் உரித்தது போதும் என்று ஊருக்கு வந்துவிட்டவன். என்னோடு நடக்க நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர்களோடு, இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாக ஒருவர். எல்லயில் அவர்கள் தங்கியிருக்கும் ஹோட்டலின் உதவி முகாமையாளர், பெயர் சமிந்த.

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பதைத் தினேஷ் என் காதில் போட்டான்.

"அக்கா, அந்த மஹத்தயா நம்மளப் பாத்து முடிவு பண்ண வந்திருக்காரு. சரியாப் போச்சுன்னா கிழமைக்கி மூணு நாள் ஆள் அனுப்புவாங்க. இல்லாட்டி தர்ஷினி திங்கக்கிழம மறுபடி துணிக்கடைக்கித்தான். பேக் எல்லாம் கட்டி வச்சாச்சு."

"யார் கட்டினது?"

"அவங்கம்மா. 'வேலைன்னா பெரட்டுக்குப் போறது, இல்ல கொழும்புக்குப் போறது. மலையில சுத்துறது ஒரு வேலையா?'ன்னு கேக்குறாங்க."

மஹத்தயா என்பது சிங்களத்தில் ஐயா; பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுப்பது. தர்ஷினியின் அம்மா தினமும் அங்கே போய் நிற்பவர், கொழுந்து எடுப்பவர். மகள் ஒருத்தியாவது நிழலில் நின்று சம்பாதிக்கட்டும் என்று அவர் நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

எட்டேகாலுக்கு நடை தொடங்கியது. முதல் அரை மணி நேரம் தர்ஷினி நன்றாகவே பேசினாள். துணிக்கடையில் வெள்ளைக்காரர்களுக்குச் சேலை விரித்துக் காட்டிப் பழகிய ஆங்கிலம், தடங்கலில்லாமல் வந்தது. அட்டை கடித்தால் பிடுங்கி எறியாதீர்கள், சவர்க்காரம் தடவுங்கள் என்று சொல்லி, பையிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக் கொடுத்தாள். பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. கீழே போவது கொழுந்து எடுக்கும் மலைக்கு, மேலே போவது தோட்டத்து முகாமையாளரின் துரை பங்களாவுக்கு. அவள் மேலே திரும்பினாள்.

"ஏ தர்ஷினி, அங்கிட்டு ஏன் போற?" என்று தினேஷ் பதறினான். அவள் காதில் விழாத மாதிரி நடந்தாள்.

பங்களாவின் இரும்புக் கேட்டுக்கு வெளியே எங்களை வரிசையாக நிறுத்தி, உள்ளே தெரிந்த ரோஜாப் பாத்திகளையும் புல்தரையையும் காட்டினாள். நெதர்லாந்துக்காரர்கள் மரியாதைக்கு இரண்டு படம் எடுத்தார்கள். சமிந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, பங்களா எல்லயில நெறைய இரிக்கி. நம்ம ஹோட்டலே பழைய பங்களாதான். இவங்க ராத்திரி தூங்கினதும் பங்களாவில."

தர்ஷினியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இது எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யாத தவறு. தோட்டத்துக்கு உறவுக்காரர் யார் வந்தாலும் நாங்கள் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது பங்களா கேட்டைத்தான். நாங்கள் ஒரு நாளும் உள்ளே போயிருக்க மாட்டோம். ஆனாலும் தோட்டத்திலேயே பார்க்கத் தகுந்தது அது ஒன்றுதான் என்று எங்கள் மண்டையில் ஏறியிருக்கிறது.

நான் அவள் பக்கத்தில் போய், "கீழே போக வேண்டிய நடைதானே இது, ஏன் போகவில்லை?" என்று கேட்டேன்.

"கீழ இன்னைக்கி எங்கம்மா நிக்கிற மலைங்க அக்கா. நான் தொப்பியும் தடியுமா போய் நின்னா, நாலு பேருக்கு முன்னால 'சுத்தினது போதும், வீட்டுக்குப் போடி'ன்னு சொன்னாலும் சொல்லிருவாங்க. இந்த மஹத்தயா முன்னால அத கேக்க முடியாதுக்கா."

அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். கேட்டு வைத்ததுதான் மிச்சம்.

காப்பாற்றியது அந்த நெதர்லாந்துப் பெண்மணி. ஆட்டோவில் வரும்போது கீழ்ச் சரிவில் ஒரு கல்படிப் பாதையைப் பார்த்தாராம். அவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்களே, வெள்ளைக்காரர் காலத்ததா என்று கேட்டார்.

தர்ஷினிக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. "இல்லை. நாங்கள் கட்டியது" என்றாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஒரு மழையில் மண் சரிந்து பாடசாலைக்குப் போகும் பாதை அடியோடு போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் தார் ரோட்டைச் சுற்றி நடந்து, முதல் பாடம் முடிந்த பிறகுதான் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யாராவது வந்து செய்வார்கள் என்று பார்த்திருந்து அலுத்துப்போய், வேலையில்லாமல் ஊரில் நின்ற இளைஞர்கள் தோட்டத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாமல் சிரமதானமாகத் தொடங்கினார்கள். ஆற்றிலிருந்து கல் சுமந்தார்கள். பாதி கட்டியது மறு மழையில் சரிந்தது. திரும்பவும் கட்டினார்கள். படி முடிந்த பிறகு வழிதவறி அதில் ஏறிவந்த ஒரு வெளிநாட்டுக்காரரை ஹாலிஎல வரைக்கும் கொண்டுபோய் விட்டதில்தான் இந்த நடைக்கே யோசனை வந்ததாம். இப்போதும் வரும் காசில் ஒரு பங்கு பாதை திருத்தத்துக்குத்தான் போகிறது.

"இதைக் காட்டாமல் எதற்கு எங்களுக்கு ரோஜாச் செடி காட்டினீர்கள்?" என்றார் அந்தப் பெண்மணி. தர்ஷினி ஒரு நிமிடம் கேட்டைப் பார்த்தாள். பிறகு தொப்பியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க, போவோம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினாள்.

அந்தப் படிகளில் இறங்கியதுதான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஆளின் கதை இருந்தது. இது தினேஷ் காலில் போட்டுக்கொண்ட கல், இது பூசாரியின் மகன் ஒற்றை ஆளாகப் புரட்டி வந்த கல், இது கோணலாக வைத்துவிட்டு ஒரு மாதம் சண்டை போட்ட கல். தர்ஷினியின் குரல் ஏறிக்கொண்டே வந்தது. இஸ்திரிச் சட்டை கசங்குவதையும் பார்க்காமல் சமிந்த குனிந்து படியோரத்து வடிகானைத் தொட்டுப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் என் வீட்டுப் பிள்ளைகள் பரிசு வாங்கிய மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

கீழே பெண்கள் காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, பக்கத்து மலைக்கு மாறி நின்றார்கள். அந்த மலையில் இந்தச் சுற்றுக்கு அன்றுதான் முதல் தடவையாகக் கை வைக்கப் போகிறார்கள். ஆளுக்கொரு நிரையில், அதாவது தேயிலை வரிசையில், கூடையோடு நின்றார்கள். மூன்றாவது நிரையில் நின்றவருக்குத் தர்ஷினியின் அதே மூக்கு. அவர் மகளைப் பார்த்தார். கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டார்.

சமிந்தவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆ, இது நல்லம். தங்கச்சி, ஒரு கூடைய வாங்கி நம்ம நெதர்லாந்து நோனாவுக்குப் போடுங்க. கொஞ்சம் கொழுந்து பறிக்கட்டும், போட்டோ எடுப்போம். எல்லயில எல்லா இடத்திலயும் இத செய்றாங்க."

தர்ஷினி தடியை நிலத்தில் ஊன்றினாள்.

"முடியாதுங்க மஹத்தயா."

"ஏன்? அஞ்சு நிமிசம்."

"அது அவங்க நிரை. தெரியாத கை முத்தின இலையையும் சேத்துப் பறிச்சுப் போடும். அப்புறம் நிறுக்கிற எடத்துல கழிக்கிறது அவங்க கொழுந்தைத்தான். வேல செய்ற ஆளோட கூடைய நாங்க வாங்கிக் குடுக்க மாட்டோம். பாருங்க, கேளுங்க, அவங்க சரின்னா படம் எடுங்க. கூடை மட்டும் தர மாட்டோம்."

இதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். நெதர்லாந்துப் பெண்மணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு தலையாட்டினார். சமிந்தவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தினேஷ் வானத்தைப் பார்த்தான். போச்சு, திங்கட்கிழமை பஸ்தான் என்று நானும் நினைத்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: புது மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது, வேலையை மேற்பார்க்கும் கங்காணி "பொலி" என்று குரல் கொடுப்பார். பெருகட்டும் என்று அர்த்தம். நிரையில் நிற்கிற எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் முதல் கொழுந்தைக் கிள்ளுவார்கள். அன்றைக்கும் கங்காணி கையைத் தூக்கினார். அப்போது மூன்றாவது நிரையிலிருந்து தர்ஷினியின் அம்மா சத்தமாகக் கூப்பிட்டார்.

"கங்காணி, எம்மவளும் இன்னைக்கிப் புதுசாத் தொடங்குது. அதுக்கும் சேத்துச் சொல்லுங்க."

"பொலி!" என்றார் கங்காணி.

"பொலி! பொலி!" என்று மலை முழுக்கக் குரல் எழுந்தது. தினேஷ் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். நானும் கத்தினேன், சிறுமியாகக் கத்தி இருபது வருடத்துக்குப் பிறகு. தர்ஷினி திரும்பி நின்று தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். என் கண்ணிலும் தண்ணீர்தான். அவள் அம்மாவோ அதற்குள் குனிந்து வேலையைத் தொடங்கியிருந்தார்.

பன்னிரண்டரைக்கு நடை முடிந்தது, மொத்தம் ஏழு கிலோமீற்றர். தினேஷ் வீட்டில் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வைத்தார்கள், கட்டணத்துக்குள் அடக்கம். சமிந்த நாலாவது ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி, பங்களாவ வெட்டிருங்க. படிய முதல்ல காட்டுங்க. கூடை இல்லைன்னு நான் ஹோட்டல்லயே சொல்லி அனுப்புறேன். அடுத்த புதன் ஆறு பேர், சரியா?" என்றார். தர்ஷினி "சரிங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு, இன்னொரு ரொட்டி எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

நீங்களும் போவதாக இருந்தால்: ரயிலில் வருகிறவர்கள் மண்சரிவில்லாமல் ரயில் பாதை திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சப்பாத்து வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை நிச்சயம். உள்நாட்டவருக்கு 1,500 ரூபாய், வெளிநாட்டவருக்கு 3,500. பேரம் பேசுகிறவர்கள் தயவுசெய்து வேறு ஊருக்குப் போங்கள். பதுளைக்குத் திரும்ப ஹாலிஎலயில் பஸ் சுலபமாகக் கிடைக்கும். நிரையில் நிற்பவர்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். கூடை கேட்காதீர்கள்.

இந்தக் கட்டுரையைப் போடலாமா என்று கேட்பதற்காகப் போன புதன்கிழமை தர்ஷினியின் வீட்டுக்குப் போன் அடித்தேன். அம்மாதான் எடுத்தார். யார் என்று சொல்லி, தர்ஷினி இருக்கிறாளா என்று கேட்டேன்.

"இல்லைங்க" என்றார். "அவ வேலைக்கிப் போயிருக்கா."