இரண்டாவது ஊசியும் ஓர் எலுமிச்சம்பழமும்

பாடசாலையில் இரண்டாவது ஊசி போடவிருந்த வாரத்தில்தான் என் மகள் பெரிய மனுசியானாள். ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி அது. கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தடுப்பது. மஹய்யாவையில் எங்கள் வீட்டு மூலையில் பாய் விரித்து அவளை உட்கார வைத்தோம். செய்தி கேட்டதும் ஹேவாஹெட்டயிலிருந்து என் கணவரின் அக்கா உளுத்தமாவும் நல்லெண்ணெயுமாக வந்து இறங்கினார்.

"தண்ணி ஊத்துற வரைக்கும் புள்ள வாசப்படி தாண்டக்கூடாது. மொத ஊசி போட்டதாலதான் இவ்ளோ சின்னதுல உக்காந்துட்டா. இனி அந்த ஊசியே வேணாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும் இந்த வயசுலதானே உக்காந்தீங்க அண்ணி, உங்களுக்கு யாரு ஊசி போட்டா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு மெல்ல வெளியே நழுவினார். எப்போதும் அப்படித்தான், மகராசன். ஊசி போடும் நாள் வந்தது, போனது. மகள் பாயில்தான் இருந்தாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அம்மா இந்த நோயில்தான் போனார். இடுப்பு வலி, இடுப்பு வலி என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றதைச் சொல்ல வெட்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. அதைத் தடுக்கும் ஊசி வாசல் வரை வந்தும் என் பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் சுகாதார அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த மிட்வைஃப் மிஸ் அக்குறணைக்காரர். நான் படபடவென்று கொட்டியதையெல்லாம் கேட்டுவிட்டுக் கதிரையைக் காட்டினார்.

"முதல்ல இரிங்க. கொஞ்சம் பிந்தினா ஒண்டுமில்ல. முதல் ஊசி வீணாப் போகாது, திரும்பத் தொடங்கவும் தேவல்ல. சடங்க முடிச்சிட்டுக் கூட்டி வாங்க, இங்கயே போடுவம். ஊசிக்கும் பெரிய பிள்ளையாகிறதுக்கும் சம்பந்தமே இல்ல. உடலுறவுல தொத்துற வைரஸ் இது. அதுக்கெல்லாம் முந்தியே, சின்ன வயசுல போட்டாத்தான் நல்லா வேல செய்யும். ஆனா பின்னுக்கு முப்பத்தஞ்சு வயசானதும் கர்ப்பப்பைக் கழுத்து டெஸ்டும் செய்யோணும். நீங்களும் செய்யோணும்."

நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. கதிரையிலேயே கொஞ்ச நேரம் அழுதேன், வெட்கமில்லாமல்.

சடங்கு முடிந்து கிளினிக் நாளில் கிளம்பினோம். வயசுக்கு வந்த பிள்ளை வெறுங்கையோடு வெளியே போகக்கூடாது என்று அண்ணி மகளின் கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். அதோடு விட்டாரா, தானும் கூடவே வந்தார். மிஸ் பழத்தைப் பார்ப்பாரோ, சிரிப்பாரோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அது அந்தக் கையிலயே ஈக்கட்டும்" என்றார் மிஸ். "எனக்கு இந்தக் கை போதும்."

ஊசி போட்டாயிற்று. "அவ்ளோதானா?" என்றாள் மகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா என்று எழுந்தேன். அண்ணி எழவில்லை. மிஸ்ஸின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மிஸ், எனக்கு ரொம்ப நாளா வெள்ளப்படுது. நடுநடுவுல ரத்தமும் படுது. யாருகிட்டயும் சொல்லல."

எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணி மகளின் கையிலிருந்து எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, மிஸ்ஸோடு திரைக்குப் பின்னால் போனார்.

அன்று எடுத்த டெஸ்டின் முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. ஒரு மத்தியானம் ஹேவாஹெட்டயிலிருந்து அழைப்பு வந்தது.

"புத்துநோய் இல்லையாம். வெறும் புண்ணுதானாம், மருந்துல ஆறிடுமாம்."

"அண்ணி" என்றேன். அழுகை வெடித்தது.

"அழுவாத. ஒங்கம்மாவும் வாயத் தொறந்து சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாங்க" என்றார்.

அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.