ஈச்சங்குருத்தும் சூசையப்பர் முதுகும்

என் மாமியார் சவுரியம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, பெற்ற பிள்ளை. அந்த அம்மாளிடம் பேச்சு வாங்கிக்கொண்டு குப்பை கொட்டியவள் நான். திண்டிவனத்தில் கன்னியாஸ்திரீகளிடம் எட்டாவது வரை படித்துவிட்டு மருமகளாய் வந்து சேர்ந்த முதல் வாரமே, "லூர்துமேரியாம் லூர்துமேரி! கேப்பைக்கும் கம்புக்கும் வித்தியாசம் தெரியல, பொஸ்தகம் படிக்கிதாம்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவர். ஆகையால் நல்லதும் எழுதுவேன், மற்றதும் எழுதுவேன். வேண்டாமென்றால் அவரே எழுதிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்த்தெரு ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். இரண்டும் வேதக்காரர்கள்தாம். ஒரே ஞானஸ்நானம், ஒரே சாமியார், ஒரே கோயில். மோட்சத்தில் என்ன ஏற்பாடோ தெரியாது, எங்கள் கோயிலில் வாசல் இரண்டு. நேர்வாசல் ஊர்த்தெருவுக்கு, பக்கவாசல் எங்களுக்கு. குருசு வடிவில் கட்டின கோயிலில் அந்தக் குருசின் இடது கையில் எங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பீடத்தின் ஒரு மூலை தெரியும், சாமியாருடைய ஒரு தோள் தெரியும். நன்றாகத் தெரிவது சேசுநாதரை வளர்த்த அர்ச். சூசையப்பரின் முதுகு. பிரான்சு தேசத்திலிருந்து கப்பலேறி வந்த ஆளுயரச் சுரூபம் அது. தூணோரமாய், ஊர்த்தெருக்காரர்களைப் பார்த்து நிற்கும்படி அதை வைத்திருந்தார்கள்.

அந்த முதுகைப் பார்த்துத்தான் என் மாமியார் பிள்ளை வரம் கேட்டார். அந்த முதுகைப் பார்த்துத்தான் புருஷன் காய்ச்சல் தீரவேண்டுமென்று அழுதார். பிள்ளை பிறந்தது, புருஷன் போய்விட்டார். "முதுகாண்ட சொன்னா பாதிதாண்டி காதுல வுழும்" என்பார்.

அவருக்குத் தொழில் ஈச்சமரத்தோடு. காட்டில் போய் ஈச்ச ஓலை அறுத்துக்கொண்டு வந்து விளக்குமாறும் பாயும் கூடையும் செய்து திண்டிவனம் சந்தையில் விற்பார். கோயில் கூட்டுகிற விளக்குமாறும் அவர் கட்டினதுதான். அது தினந்தோறும் நேர்வாசல் வழியாக ராஜாத்தி மாதிரி உள்ளே போகும். கட்டினவள் மட்டும் போகக்கூடாது.

"ஒரே ஒரு தபா நேர்வாசல்ல நொழைஞ்சி அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துடணும். அப்பறம் என்னைக் கட்டையில வெச்சாலும் சரி" என்று தினமும் புலம்புவார். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. ஆனால் இராத்திரி ஜெபத்தில் அவர் குரல் அந்த இடத்தில் வந்து உடையும்போது நானும் அதையே சேர்த்து வேண்டிக்கொள்வேன். அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஏதாவது பேச்சு வரும்.

முப்பத்தெட்டாம் வருஷம் புதுச்சேரியிலிருந்து புதுச் சாமியார் வந்தார். வெள்ளைக்காரர். தாடியும் ஆர்வமும் ரொம்ப நீளம். தவக்காலம் பிறந்ததும் பிரசங்கத்தில், "எமது தேசத்தில் குருத்தோலை ஞாயிறுக்கு மெய்யான ஓலை கிடையாது, ஏதோ ஒரு செடியின் தழையை மந்திரிக்கிறோம். இங்கேயோ ஈந்து இனத்து ஈச்சமரங்கள் காட்டிலே தாமாக வளர்கின்றன என்று கேள்விப்படுகிறேன். தென்னங்குருத்து இனி வேண்டாம். நாம் யாவரும் கூடிப் போய் அம்மரங்களை அவை நிற்கும் ஸ்தலத்திலேயே தரிசிப்போம்" என்றார்.

கேட்டதும் தர்மகர்த்தா ராஜாமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. வருஷா வருஷம் குருத்து வந்தது அவருடைய தென்னந்தோப்பிலிருந்து. அதற்காகவே அவருக்கு முதல் மரியாதை. ஆனாலும் வெள்ளைக்காரச் சாமியார் சொன்னால் மறுத்துப் பேசுகிற வழக்கம் அப்போது கிடையாது.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். ஊர்த்தெருக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு, நாங்கள் நடந்து. புளிச்சோறு என்ன, தோலோடு வறுத்த மல்லாட்டை என்ன, சோடா என்ன! தவக்காலமாம், அதனால் கறி மட்டும் இல்லை. தர்மகர்த்தாவின் சம்சாரம் ஜெயம் கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் வந்திருந்தார். ஈச்சமரத்துக்கு யார் முறைப்பெண்ணோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கு அப்பால் ஓடையின் இரண்டு பக்கமும் பாறையும் செம்மண்ணுமாய் ஈச்சங்காடு. சாமியார் வண்டியைவிட்டுக் குதித்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ஆகா! மனிதன் நடாதது, மனிதன் நீர் வார்க்காதது!"

ஜனங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவசரத்துக்கு ஒதுங்குகிறபோதெல்லாம் பார்க்கிற மரம். இன்றைக்கு அதை எந்தப் பக்கமாய் நின்று பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு பேர் கைகூப்பினார்கள். மரத்தில் கட்டியிருந்த கலயங்களைக் காட்டி, "அப்பாத்திரங்கள் எதற்கு?" என்று கேட்டார் சாமியார். ஊர்த்தெரு ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஆகாயத்தில் ஏதோ தெரிந்தது.

"குருவிக்குத் தண்ணி வெச்சிருக்குது சாமி" என்றார் தர்மகர்த்தா.

"என்ன பரோபகாரம்!" என்று சாமியார் மெய்சிலிர்த்தார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எந்தக் குருவி வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை அடிக்கிறது என்று பெண்களுக்கெல்லாம் தெரியும்.

பிறகு குருத்து வெட்டுகிற கட்டம் வந்தது. இங்கேதான் தர்மகர்த்தா தம் புத்தியைக் காட்டினார். ஊர்த்தெருவுக்கு வேண்டிய குருத்தை ஊர்த்தெருவே வெட்டிக்கொள்ளுமாம். அதுவும் ஓடைக்கு இந்தப் பக்க மரங்களில். சேரிக்காரர்கள் அந்தப் பக்க மரங்களில் வெட்டிக்கொள்ளவேண்டுமாம். காட்டு ஈச்சமரத்துக்கும் தெரு பிரித்த மகானுபாவர் அவர்.

ஈச்சமரம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மட்டையின் அடியெல்லாம் ஊசி ஊசியாய் முள். குருத்து அதற்கு நட்டநடுவில் இருக்கும். ஊர்த்தெரு வாலிபர்கள் ஒவ்வொருவராய்க் கையை விட்டு, ஒவ்வொருவராய்க் கையை உதறிக்கொண்டு வந்தார்கள். "தள்ளுங்கடா, ஜல்தியா ஒரு வேலை ஆவுதா!" என்று தர்மகர்த்தா தாமே இறங்கினார். வேட்டி மாட்டிக்கொண்டது. வேட்டியை இழுத்தார். முள் முழங்காலில் ஏறி முறிந்தது. அம்மாடி என்று அவர் போட்ட கூச்சலில் சாமியார் ஓடிவந்தார்.

என் மாமியாரோ அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சேரிக்கு வேண்டிய குருத்தை எப்போதோ வெட்டி முடித்தாயிற்று.

"சவுரியம்மாளே, இவர்களுக்கும் நீ வெட்டிக்கொடுத்தால் என்ன?" என்றார் சாமியார்.

"வெட்டறேன் சாமி. ஆனா ஒரு பேச்சு. நாளைக்கிக் கதவு தொறக்கறப்ப நாங்களும் நேர்வாசல்லதான் நொழைவோம்."

இந்த இடத்தில் கதவு விஷயத்தைச் சொல்லவேண்டும். குருத்தோலை ஞாயிறன்று ஓலை மந்திரித்துக் கோயிலைச் சுற்றிப் பவனி வரும். நேர்வாசல் கதவு சாத்தியிருக்கும். சாமியார் குருசின் அடிக்கட்டையால் கதவைத் தட்டுவார். கதவு திறக்கும். பாட்டோடு ஊர்த்தெரு உள்ளே போகும். அதற்குள் நாங்கள் பக்கத்தால் சுற்றிக்கொண்டு ஓடி எங்கள் மூலையில் நின்றுகொள்ளவேண்டும். சேசுநாதர் செருசலேமுக்குள் நுழைந்தபோது யாரையாவது சுற்றிக்கொண்டு வரச் சொன்னதாகச் சுவிசேஷத்தில் இல்லை. நான் தேடிப் பார்த்தாயிற்று.

சாமியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மெத்த நல்லது! தர்மகர்த்தாவே, உமக்குச் சம்மதந்தானே?"

தர்மகர்த்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "சாமி சொன்னா சரி" என்றார். அப்போது அவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடினதை நான் பார்த்தேன். வலியாக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் அத்தை விடியுமுன்னே எழுந்து குளித்துச் சீலையைத் துவைத்து ஈரத்தோடே கட்டிக்கொண்டார். பவனி சுற்றி வந்தது. சாமியார் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. குருத்தை உயர்த்திக்கொண்டு பாடிக்கொண்டே உள்ளே போனோம்.

போனால், உள்ளே பெரிய கூடம் காலியாய்க் கிடக்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் ஊர்த்தெருவில் ஒரு பிள்ளை வரவில்லை. பட்டுப்புடவையும் அங்கவஸ்திரமுமாய் அத்தனை பேரும் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கவாசலில் நுழைந்து எங்கள் மூலையில் நெருக்கியடித்து நின்றார்கள். தர்மகர்த்தா வாக்குத் தவறாத மனிதர். எங்களை நேர்வாசலில் விட்டார். நாங்கள் மிதித்த வாசலைத் தாம் மிதிக்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தை அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. நேரே போய்ச் சூசையப்பருக்கு எதிரே நின்றார். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடி இது, உன் மாமனாரு மாதிரியே தூங்கு மூஞ்சியா கீறாரு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் உயிர்த்த ஞாயிறு வரைக்கும்தான். ஊர்த்தெரு பக்கவாசலைப் பிடித்தது பிடித்ததுதான். வாசலுக்கு வெள்ளையடித்தார்கள், முன்னால் பந்தல் போட்டார்கள், அதுதான் கௌரவமான வாசல் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அங்கே நின்றால் தெரிவது முதுகல்லவா? நாங்கள் தலைமுறையாய்ப் பார்த்த முதுகு அவர்களுக்கு ஒரு மாதங்கூடத் தாங்கவில்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்த அடுத்த ஞாயிறு நாங்கள் உள்ளே போனபோது சூசையப்பர் திருப்பி வைக்கப்பட்டிருந்தார். முகம் அவர்களுக்கு, முதுகு எங்களுக்கு.

அத்தை நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். பூசை நடக்கிறது என்றுகூடப் பார்க்காமல், "நீயுமாய்யா திரும்பிக்கினே?" என்று கேட்டார். சத்தமாய்க்கூட இல்லை. அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை எதிர்த்து வாயாடியே பழகின எனக்கு அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டார். "அம்மாம் பெரிய சொரூபத்த ஊர்த்தெருக்காரன் தூக்கியிருக்க மாட்டான். யாருடா திருப்பினது?"

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டார். "நாந்தாம்மா. கூலிக்குக் கூப்ட்டாங்க. நாலு பேரு போனோம். எதுக்குன்னு அங்க போனப்பறந்தான் சொன்னாங்க."

அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். வெகு நாள் வரைக்கும் அவருக்குச் சோறு போடுவது என் வேலையாயிற்று.

அடுத்த வருஷமும் சாமியார் எல்லோரையும் ஈச்சங்காட்டுக்குக் கிளப்பினார். இந்தத் தடவை தர்மகர்த்தா தாமாகவே அத்தையின் பாறைக்கு வந்தார். வருஷம் முழுக்க ஊர்த்தெருவுக்கு அந்த மூலையில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காற்றில்லை, இடமில்லை, ஜெயம் அம்மாள் இரண்டு தரம் மயக்கம் போட்டு விழுந்தார். ஆனால் எங்கள் கால் பட்ட வாசலுக்குத் தாங்களாய்த் திரும்பினால் மானம் போய்விடுமே! நாங்கள் கேட்டு அவர்கள் விட்டுக்கொடுத்ததாக இருக்கவேண்டும்.

"இன்னா சவுரி, இந்த வருசம் இன்னா கேக்கப் போற? பழைய வாசல் வேணும்னா கேளு. நான் ஊர்ல பேசிக்கறேன்" என்றார், ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி.

அத்தை அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டே பேசினார். "ஒண்ணும் வேணாங்கய்யா. நீங்க அங்கியே இருங்க. மூஞ்சியையும் நீங்களே வெச்சிக்கங்க. எங்களுக்கு அந்த முதுகு பழக்கம். அதுக்கும் எங்களைத் தெரியும்."

தர்மகர்த்தா முகம் போன போக்கைப் பார்க்க அத்தனை ஈச்ச முள்ளையும் குத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தை அவர்களுக்கும் குருத்து வெட்டிக் கொடுத்தார். அந்த வருஷமே ஜெர்மன் சண்டை வந்து சாமியாரைப் பிரான்சுப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். ஊர்த்தெரு அந்த மூலையிலேயே வெந்துகொண்டிருந்தது. நாங்கள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பூசை கண்டோம். அத்தை மட்டும் வாய் வீறாப்பாய்ப் பேசுவாரே தவிர, ஜெபத்தின்போது அந்த முதுகை அண்ணாந்து பார்த்தபடியேதான் இருப்பார்.

நாற்பத்தாறில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பெட்டியை நேர்வாசல் வழியாகத்தான் கொண்டுபோனோம். பெட்டியைக் கூடத்தில் இறக்கினதும் என் வீட்டுக்காரர் விறுவிறுவென்று தூணண்டை போனார். முன்னே கூலிக்குப் போன மற்ற மூன்று பேரும் கூடவே போனார்கள். நாலு பேருமாய் மூச்சைப் பிடித்துச் சூசையப்பரைத் தூக்கி அத்தை பக்கம் திருப்பி வைத்தார்கள். பக்க மூலையில் தர்மகர்த்தா எழுந்து நின்று வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரமே பழையபடி திருப்பி வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார், கூலி இரட்டிப்பாகத் தருகிறேன் என்று. என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். ஊர்த்தெரு வாலிபர்கள் போய்த் தூக்கிப் பார்த்தார்களாம். நகரவில்லையாம். சூசையப்பர் இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறார்.