கரண்ட் போனால் போனும் போகும்

குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, மழையை நம்பிக் கடலையும் சோளமும் விதைக்கும் ஒரு கிராமத்தில் கிளாரா பதினேழு வருடங்களாக நர்ஸ். திண்டுக்கல்லில் ஓர் ஆசிரியர் வீட்டில் பிறந்தவர். துணை சுகாதார நிலையத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள். அதுதான் அவருக்கு வீடு. அதிர்ந்து பேசமாட்டார். எதையும் தேதி போட்டு எழுதிவைப்பார். தடுப்பூசிப் பதிவேட்டில் பழகிய கை.

ஊர் பள்ளத்தில் இருப்பதால் செல்போனில் சிக்னல் வரும், போகும். அவசரத்துக்கு நிலையத்தில் இருக்கும் தரைவழி போன்தான். அதன் எண்ணை வெளிச்சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள்.

ஒரு தை மாதத்தில் தொலைபேசி நிறுவனத்திலிருந்து மோகன்குமார் வந்தார். பழைய செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் கேபிள் இழுத்து, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்.

“இனிமே பேச்சும் இன்டர்நெட் வழியாத்தான் போகும்க்கா. நம்பர் அதேதான்.”

முன்பிருந்த கரகரப்பு இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. கிளாராவுக்குச் சந்தோஷம்தான்.

ஆடிக்காற்றில் ஒருநாள் மதியம் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மூன்று மணிக்கு ராமுத்தாய் தன் கணவர் பெருமாள்சாமியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கடலைக்காட்டில் களை எடுக்கும்போது அவருக்குக் கணுக்காலில் பாம்பு கடித்திருந்தது.

“கண்ணாடி விரியன் நர்ஸம்மா. நானே பாத்தேன்” என்றார் பெருமாள்சாமி. முகமெல்லாம் வேர்வை.

கிளாரா அவரைப் படுக்கவைத்தார். காலை அசையாமல் மட்டையோடு சேர்த்துக் கட்டினார். 108-ஐ அழைக்கப் போனை எடுத்தால் சத்தமே இல்லை. வெள்ளைப் பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. செல்போனிலும் சிக்னல் இல்லை. டவருக்கும் கரண்ட் போயிருந்தது.

“ராமுத்தாயி, ரோட்டுக்கு ஓடு. எந்த வண்டி வந்தாலும் மறிச்சு நிறுத்து.”

நாற்பது நிமிடம் கழித்து ஒரு பால் வேன் கிடைத்தது. கேன்களுக்கு நடுவே பெருமாள்சாமியைக் கிடத்தி, திண்டுக்கல் வரை அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் கிளாரா. உயிர் தப்பியது. சிறுநீரகம் அடிபட்டு, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒன்பது முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டாக்டர்.

கிளாராவின் மனதில் அந்த வார்த்தை முள்ளாய்த் தைத்தது. மோகன்குமாரை வரச்சொன்னார்.

“பழைய போன் கரண்ட் இல்லாட்டியும் பேசுச்சேப்பா?”

“அந்தக் கம்பியிலயே எக்ஸ்சேஞ்ச் பேட்டரில இருந்து கரண்ட் வரும்க்கா. இந்தப் பெட்டிக்கு உங்க கரண்ட்தான்.”

“அத மாட்டுறப்பவே ஏன் சொல்லல?”

மோகன்குமார் தலையைச் சொறிந்தார். “சொல்லணும்னு எங்களுக்கு உத்தரவு இல்லக்கா.”

நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்கும் ஏறக்குறைய அதே பதில்தான் வந்தது. பேட்டரி தரவேண்டும் என்று எந்த விதியும் இல்லையாம். கோபப்படாமல் கிளாரா அதை இரண்டுமுறை படித்தார். விதி இல்லையென்றால், விதி வைப்பவர் யார்?

அதற்கும் மோகன்குமாரிடம்தான் தகவல் இருந்தது. இணையம் வழியாக ஓடும் புதிய தொலைபேசிகளுக்கு என்னென்ன விதி வைக்கலாம் என்று டெல்லியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. கடைசி நாளுக்கு இன்னும் ஏழு வாரம்.

அன்றிலிருந்து கரண்ட் போகும் நேரம், வரும் நேரம், அந்த இடைவெளியில் போன் தேடி வந்தவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதினார். ஏழு வாரத்தில் முப்பத்தாறு தடவை. அதில் இரண்டு பேர் பிரசவ வலிக்காரர்கள். எல்லாவற்றையும் தமிழிலேயே நான்கு பக்கம் எழுதி அனுப்பினார்.

மார்கழியில் ஆணையத்தின் காணொளிக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நிறுவனங்களின் சார்பில் ஒருவர் பேசினார்: இது இணைய சேவை, பேச்சு அதில் ஒரு வசதி மட்டுமே, பழைய தொலைபேசி விதிகளை இதன்மேல் சுமத்தினால் கட்டணம் ஏறும். பிறகு கிளாராவின் பெயரைச் சொன்னார்கள். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி மொழிபெயர்க்கிறேன் என்றார்.

“நீங்க இன்டர்நெட்னு சொல்றீங்க சார். எங்க ஊர்ல அத போன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கோம். நம்பரும் மாறல, செவுத்துல எழுதுனதும் மாறல. இது கரண்ட் இல்லாட்டி பேசாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஒரு பேட்டரி வாங்கி வச்சிருப்பேன்.”

தலைமை அதிகாரி நோட்டின் நகலை அனுப்பச் சொன்னார்.

பங்குனியில் பரிந்துரை வெளியானது. பழைய கம்பியை மாற்றும் முன், கரண்ட் இல்லாவிட்டால் போன் வேலை செய்யாது என்று வாடிக்கையாளருக்கு அவர் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். சுகாதார நிலையங்களுக்கு எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியை நிறுவனமே பொருத்த வேண்டும். வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரசு இன்னும் ஒப்புதல் தரவில்லை. ஆனாலும் நிறுவனம் முந்திக்கொண்டது. மோகன்குமாரே வந்து பேட்டரியை மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பெருமாள்சாமி மெல்ல நடந்து வந்து அதைப் பார்த்தார்.

“நல்லதுதான். காட்டுக்குள்ள என் வீட்லயும் அந்த வெள்ளைப் பெட்டிதான மாட்டியிருக்காங்க? அதுக்கு ஒண்ணும் இல்லையா?”

“இல்லண்ணே. அம்புட்டு தூரம் அவங்க வரல.”

“அப்ப மறுபடியும் எழுதுங்க. நான் கைநாட்டு வைக்கிறேன்.”

கிளாரா சிரித்துவிட்டார். “கையெழுத்தே போடுங்கண்ணே, உங்களுக்குத்தான் வருமே” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் வீட்டில் எப்போதெல்லாம் கரண்ட் போகும் என்று கேட்கத் தொடங்கினார்.